எழுபது வளைவுகளும் ஒரு சைக்கிளும்

வாசகர் கேள்வி – பதில்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறி இறங்கிய பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்கின்றன: என்னால் ஏற முடியுமா? இறங்குவதைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைத் தவறாமல் படிக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளாகச் சமவெளியில் வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வயது 34, எடை 70 கிலோ. என்னிடம் இருப்பது பழைய ரேஸ் சைக்கிள். முன்னால் சிறிய சக்கரத்தில் 39 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 25 பல். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை நிற்காமல் ஏற முடியுமா?
– ஈரோட்டு வாசகர் ஒருவர்

உங்கள் கால்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. உங்கள் பல்சக்கரங்களுக்கு இல்லை. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் நீங்கள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். சாலை நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து 80 கிலோ. நிமிடத்திற்கு அறுபது முறை மிதிப்பதற்குக் குறைந்தால் கால் கனக்கத் தொடங்கும், முழங்காலில் சுமை ஏறும். 39-க்கு 25 என்ற அமைப்பில் அந்த அறுபது மிதிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறியாக வேண்டும். அதற்குச் சுமார் 150 வாட் ஆற்றல் தேவை. பயிற்சி உள்ளவரால் இதை அரைமணி நேரம் தர முடியும். ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாக, அதுவும் வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தொடர்ந்து தருவது வேறு விஷயம்.

முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் அதே அறுபது மிதிக்கு வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டராகக் குறைகிறது. தேவைப்படும் ஆற்றலும் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் பேசிக்கொண்டே ஏறுகிறவர், முதல் இருபது வளைவுகளைப் பாய்ந்து கடந்துவிட்டு முப்பதாவது வளைவின் தடுப்புச் சுவரில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரை அமைதியாகத் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறொரு பயணத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

பின்சக்கரத்துக் கேசட்டை, அதாவது பல்சக்கரத் தொகுதியை, மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ரேஸ் சைக்கிள்களில் இருக்கும் குட்டையான டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்காது. 28-க்கு மேல் போனால் செயின் சிக்கும். நீளமான கூண்டு உள்ள டிரெய்லியரையும், அதற்கேற்ற நீளத்தில் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பழக்கமான மெக்கானிக்கிடம் சைக்கிளை நேரில் காட்டிக் கேட்டுச் செய்யுங்கள்.

ஏறும்போது வளைவுகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் இடப்பக்கம் செல்பவர்கள் ஆதலால், இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நாம் உள்விளிம்பில் இருப்போம். அங்கேதான் சாலை மிகச் செங்குத்தாக இருக்கும். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். திருப்பத்தின் நடுவில், பாரம் முழுவதும் செயினில் இருக்கும்போது கியர் மாற்றினால், செயின் நழுவிக் கால் வெறுமையில் விழும். வலப்பக்க வளைவில் நமக்கு வெளிவிளிம்பு கிடைக்கிறது. அது ஏறக்குறைய சமதளம்போல் இருக்கும். மூச்சு வாங்க, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க அதுவே இடம்.

நிற்காமல் ஏறுவதை ஒரு பெருமையாக ஏன் வைத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வளைவுகளின் எண் எழுதிய பலகைகள் வரிசையாக வரும். ஐம்பதைத் தாண்டிய பின் ஏதாவது ஒன்றில் நின்று கீழே பாருங்கள். ஏறிவந்த சாலை, மடித்துப் போட்ட கயிறுபோல் காட்டுக்குள் தெரிந்தும் மறைந்தும் கிடக்கும். அதைப் பார்க்காமல் மேலே போய் என்ன செய்யப் போகிறோம்?

அப்பா விட்டுச்சென்ற பழைய கறுப்புச் சைக்கிள் இருக்கிறது. கியர் கிடையாது. அதில் மலை ஏறலாமா?
– சேந்தமங்கலம் வாசகர்

ஏறலாம், பெரும்பகுதி தள்ளிக்கொண்டு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும் வண்டியில் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமவெளிக்கு அது அருமையான அளவு. மலையில் அதை உட்கார்ந்து மிதிக்க ஏறத்தாழ 250 வாட் வேண்டும். அது போட்டி வீரர்களின் கணக்கு.

அதைவிட எனக்குக் கவலை தருவது இறக்கம். கம்பி பிரேக் உள்ள அந்த வண்டிகளில் ரப்பர் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைத் தொட்டு நிற்கின்றன. எஃகு ரிம்மில் ஈரம் பட்டால் பிடிப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்பாவின் சைக்கிளைச் சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வரை ஓட்டிப் போய், அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மேலே போங்கள். மாலையில் வந்து அதையே எடுத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். அதுவும் முழுமையான ஒரு நாள் பயணம்தான்.

ஏறுவது எனக்குச் சிரமமாக இல்லை. இறங்கும்போது கை மரத்துப் போகிறது, பயமும் வருகிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். சரியான முறை என்ன?
– சேலம் வாசகர்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி.

முதலில் பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 80 கிலோ பாரத்தை ஆயிரம் மீட்டர் உயரத்திற்குக் கொண்டு போனபோது நீங்கள் செலவிட்ட உழைப்பு முழுவதும் அந்த உயரத்தில் சேமிப்பாக இருக்கிறது. இறங்கும்போது அது வெளியே வந்தே தீரும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்குகிறவருக்குக் காற்றின் உதவி குறைவு. மீதி அனைத்தும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாக மாறுகிறது. கணக்குப் பார்த்தால் அந்த மொத்த ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சில நூறு கிராம் எடையுள்ள ரிம்மின் மேல் அந்த வெப்பத்தை நாம் கொட்டுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைச்சாலையில் நானும் உங்களைப் போலவே பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினேன். ரப்பர் கருகும் மணம் வந்தது. முன்னால் போகும் லாரியின் மணம் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன் முன்சக்கரத்து ட்யூப் பட்டாசுபோல் வெடித்தது. நடைவேகத்தில் இருந்ததால் சரளைக்கல்லில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டதோடு போயிற்று. ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. அன்றிலிருந்து இறக்கத்தில் பத்து வளைவுகளுக்கு ஒருமுறை இறங்கி நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உடன் வருபவர்கள் சலித்துக்கொண்டாலும் நிற்கிறேன்.

கை மரத்துப் போவதற்குக் காரணம், ஹேண்டில்பாரின் மேற்பகுதியில் கை வைத்து லீவரின் மேல்முனையை அழுத்துவதாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நெம்புகோலுக்கு நீளம் இல்லை. முழு பலத்தையும் விரல்கள் தர வேண்டியிருக்கிறது. கீழே வளைந்திருக்கும் பகுதியைப் பிடித்து, லீவரின் கீழ்முனையை இரண்டு விரல்களால் இழுத்துப் பாருங்கள். பாதி பலத்திலேயே வண்டி அடங்கும். உடல் தாழ்வதால் சமநிலையும் கூடும். குனிந்தால் இன்னும் வேகமாகப் போய்விடுவோமோ என்று மனம் பயப்படும். ஆளில்லாத சிறிய இறக்கத்தில் நான்கைந்து முறை பழகினால் அந்தப் பயம் தெளிந்துவிடும்.

இனி வளைவு. வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதும் வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தமாக, சற்று நேரம் பிடித்துப் பின் விட்டுவிடுங்கள். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் டயரிடம் திரும்பவும் சொல்லி, நிற்கவும் சொன்னால், அது இரண்டையும் செய்யாமல் வழுக்கும். வெளிப்பக்கத்துக் கால் கீழே இருக்கட்டும். உடலின் பாரம் அந்தப் பெடலில் இறங்கட்டும். கண் பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ பார்க்காமல், வளைவு முடிந்து சாலை வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும்.

இறங்கும்போது இடப்பக்க வளைவுகள்தாம் அதிக ஆபத்து. உள்விளிம்பின் செங்குத்தான, இறுக்கமான கோட்டில் நாம் இருப்போம்; வேகம் சற்றுக் கூடினாலும் வண்டி நம்மை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே ஒரு பேருந்து ஏறிவரலாம். கொண்டை ஊசியில் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஆகையால் கீழே ஹாரன் சத்தம் கேட்டால், வளைவுக்குள் நுழையாமல் மேலேயே ஓரத்தில் நின்றுவிடுங்கள். சாலை குறுகலாக இருக்கும் இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. சைக்கிளும் வண்டிதான்.

கிளம்பும் முன் பிரேக் கட்டைகளில் உள்ள கோடுகள் தேய்ந்து மறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மறைந்திருந்தால் அன்றைக்கு மலை வேண்டாம். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ரிம் சூடாகும் தொல்லை இல்லை. ஆனால் தகடு சூடானால் அதிலும் பிடிப்பு குறையும். சூடான தகட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது கோணிவிடும். கார்பன் ரிம்மில் ரப்பர் பிரேக் உள்ள சைக்கிளை இப்படிப்பட்ட இறக்கத்திற்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. அதிக வெப்பத்தில் அந்த ரிம்மின் பிசின் இளகிவிடும்.

எனக்கு 52 வயது. இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஏற்றத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மலை எனக்கு வேண்டாம் என்கிறார்கள் வீட்டில்.
– ராசிபுரம் வாசகி

அம்மா, வலி முழங்காலின் முன்பக்கம் என்று சரியாகக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. பெரும்பாலும் அது சீட் தாழ்வாக இருப்பதால் வருவது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள்; கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். உயரத்தை ஒரேயடியாக மாற்றாமல் ஐந்து மில்லிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அளவுக்கு மீறி உயர்த்தினால் வலி முழங்காலின் பின்பக்கத்துக்கு மாறும். அப்போது திரும்ப இறக்குங்கள். இதோடு, ஈரோட்டு வாசகருக்கு எழுதிய கியர் கணக்கையும் படியுங்கள்; கனமான கியர் முழங்காலுக்கு முதல் எதிரி. வீக்கம் இருந்தாலோ, மாடிப்படி இறங்கும்போதும் வலித்தாலோ, எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகே மலை.

மலை வேண்டாம் என்று வயதை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் முறை இருபது வளைவுகள் ஏறித் திரும்புங்கள். அடுத்த மாதம் முப்பத்தைந்து.

எந்த மாதம் போவது? சாப்பாடு, தண்ணீருக்கு என்ன செய்வது?
– திருச்சி, கரூர் வாசகர்கள் சிலர்

ஜனவரியும் பிப்ரவரியும் என் தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சாலை காய்ந்து, கோடையும் வராத நாட்கள். விடியற்காலையில் அடிவாரத்தில் இருந்துவிட்டால் வெயில் உறைப்பதற்குள் பாதி உயரம் கடந்துவிடலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு அல்லது ஏழு டிகிரி செல்சியஸ் குறையும். ஏறும்போது இது சுகமாக இருக்கும், ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கும்போது பல் கிட்டும். மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கக்கூடிய ஒரு காற்றுச்சட்டை அவசியம்.

மழைக்காலத்தில் வளைவுகளின் உள்விளிம்பில் சருகும் வண்டலும் படிந்திருக்கும். அப்போது போக வேண்டாம் என்பதே என் பதில்.

ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு மட்டும் உடல் ஏறத்தாழ எண்ணூறு கலோரி செலவழிக்கும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். முக்கால் மணி நேரத்திற்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். இரண்டு பாட்டில்களில் ஒன்றில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். நடுவழியில் கடை இருக்கும் என்று நம்பாமல் அடிவாரத்திலேயே இரண்டையும் நிரப்புங்கள்.

குரங்கு, யானை பற்றிப் பயமாக இருக்கிறது. கொல்லிமலையைவிட வால்பாறை, கோத்தகிரி எப்படி?
– கோவை வாசகி

கொல்லிமலைச் சாலையில் உங்களைச் சோதிக்கப் போவது குரங்குகள்தாம். பழத்தை முதுகுப்பையின் வெளிப்பக்கம் வைக்காதீர்கள். நின்று பையைத் திறக்காதீர்கள். கண்ணோடு கண் பார்க்காமல் சீராக மிதித்துப் போய்விடுங்கள்.

கோத்தகிரிப் பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். 1,793 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. உயரம் அதிகம் என்றாலும் ஏற்றம் சீரானது, சராசரி நான்கரை சதவீதத்துக்குள். காட்டெருமை உலவும் பகுதி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை, யானைகள் கடக்கும் இடம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டு அனுமதித்தால் மட்டுமே, நன்றாக விடிந்த பிறகு, குழுவாகப் போங்கள். தனியாகவோ, அந்தி சாய்ந்த பின்னரோ ஒருபோதும் வேண்டாம். முதல் மலைக்குக் கொல்லியைத்தான் சொல்வேன்.

நான் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வரும் சைக்கிள்காரர்கள் சாலையை அடைத்து நின்று படம் எடுக்கிறார்கள். காயப்போட்ட தானியத்தின் மேல் ஓட்டுகிறார்கள். கேட்காமலே எங்கள் பெண்களைப் படம் பிடிக்கிறார்கள். இதையும் உங்கள் பத்தியில் எழுதுவீர்களா?
– வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு வாசகர்

எழுதுகிறேன், ஐயா. எங்களில் பலருக்குக் கொல்லிமலை என்பது எழுபது வளைவுகளோடு முடிந்துவிடுகிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று நாடுகளாகப் பகுத்து வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர் இது; வல்வில் ஓரியின் சிலையைச் செம்மேட்டில் நிறுத்தி ஆடியில் விழா எடுப்பவர்களின் ஊர். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அவர்கள் இறங்கிப் போவதற்கான வழிகளில் முதன்மையானது நாங்கள் வேகம் பார்க்கும் அந்தச் சாலை. மிளகு மூட்டையும் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிய வண்டிகள் அதே வளைவுகளில்தான் இறங்குகின்றன.

ஆகவே வருபவர்களுக்கு எழுதுகிறேன். ஒற்றை வரிசையில் ஓட்டுங்கள். நிற்பதானால் வளைவில் நிற்காமல், சாலையைவிட்டு முழுவதுமாக இறங்கி நில்லுங்கள். சாலையோரத்தில் சாமையோ மிளகோ காய்ந்துகொண்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிள் டயரில் ஒட்டிய எண்ணெயும் மண்ணும் அந்தத் தானியத்தில் போய்ச் சேரும். சென்ற தை மாதத்தில் ஒரு வீட்டு முன்னால் மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பாட்டியிடம் வழி கேட்டேன். பச்சையாக விரித்தது நான்கைந்து நாள் வெயிலில் கறுத்துச் சுருங்க வேண்டும், நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் விலை போகாது என்று சொன்னார். அதுவரை மிளகு காய்வதை நானும் சாலையோரத்து அழகாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எடுக்கவில்லை.

மிட்டாய்த் தாளையும் பழைய ட்யூபையும் பையிலேயே போட்டுக் கீழே கொண்டு வாருங்கள். மேலே போனதும் அங்கிருக்கும் கடையில் டீ குடியுங்கள், சாப்பிடுங்கள். சோளக்காட்டில் சந்தை கூடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையில் சாலையை லாரிகளுக்கு விட்டுவிட்டு வேறு நாளில் ஏறுங்கள். உங்கள் கடிதத்தை என் குழுவில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அடுத்த முறை வரும்போது எட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை என்றும், நான்கு நான்கு பேராகப் பிரிந்து அரைமணி நேர இடைவெளியில் அடிவாரத்திலிருந்து கிளம்புவதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.